திருமணியில் தொண்டாற்றிய மருத்துவர் காக்கிரேன்

மாமல்லபுரக் கடற்கரையின் கற்கோயில்களைக் காணச் செங்கற்பட்டு வழியே செல்வோர் பலர். அந்நகரின் அயலிலுள்ள திருமணியிலே, மக்கள் உடல் சிதையாமற் காக்க உழைத்த பெரியார் ஒருவர் இருந்தமையை அறிந்தோர் சிலரே. அவரே இராபர்ட் காக்கிரேன்.

இவர் 1899ஆம் ஆண்டில், சீன தேசத்தில் மிஷன் மருத்துவராயிருந்த தாமஸ் காக்கிரேனின் மைந்தராகப் பிறந்தார். கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று இந்தியா போந்தார். 1935இல் திருமணி லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தின் தலைமை மருத்துவரானார். உற்றாரும் ஒதுக்கிய நோயாளருக்கு அந்நாளில் நீரடிமுத்தெண்ணெய் ஊசியே பெரும்பாலும் மருந்தாயிருந்தது. அமெரிக்காவில் 1941 முதல் சல்போன் மருந்துகள் பயனளிக்கக் கண்டபின், அவ்வினத்தில் விலை மலிந்த டாப்சோனைக் காக்கிரேன் திருமணியில் வழங்கி ஆராய்ந்தார். 1944 முதல் 1948 வரை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராயும் விளங்கினார். 1947இல் அறுவை மருத்துவர் பால் பிராண்டு திருமணிக்கு வந்தபோது, நோயாளரின் முடங்கிய கைகளை அவருக்குக் காட்டினார். அக்கைகளைச் சீராக்கும் சிகிச்சைக்கு அதுவே வித்தாயிற்று.

எனினும், கிருமியை வென்ற மருந்து துயர் முழுவதையும் வெல்லவில்லை. மருந்துண்ணும் காலத்தும் சிலருக்கு நரம்பு வீங்கிக் கைகால் செயலிழந்தன. இதனை விளைப்பது கிருமியன்று. நம் உடலைக் காக்கும் படையேயாம். அப்படையைச் சேர்ந்த டி அணு பகையைக் கண்டவுடன், அதனுள்ளே கால்சியம் பெருகும். கரையொதுங்கும் சிப்பியிலுள்ள சுண்ணச்சத்தும் இக்கால்சியமே. அது கால்சினியூரின் என்னும் நொதியை எழுப்ப, அந்நொதி ஒரு புரதத்தை அணுவின் கருவினுட் செலுத்திப் போர்ப்பறை முழக்குவிக்கும். கிருமியின் எச்சத்தோடு நடக்கும் அப்போரில் நரம்பும் புண்படும்.

சைக்ளோஸ்போரின் என்பது ஒரு பூஞ்சையினின்று கிடைத்த மருந்து. அது கால்சியத்தைத் தடுப்பதன்று. கால்சியம் எழுப்பும் நொதியைக் கட்டுவது. இவ்வுண்மை 1991இல் வெளிப்பட்டது. ஸ்டீராய்டு மருந்துக்கு அடங்காத நரம்பழற்சியில் மருத்துவர் சிலர் இதனையும் ஆய்ந்துள்ளனர். ஆயினும் இது சிறுநீரகத்தை ஊறுபடுத்தலாம். படையை அடக்குவதால் பிற நோய்களுக்கும் வழி திறக்கலாம். ஆதலின் மிக்க விழிப்போடு ஆளத்தக்கது.

காக்கிரேன் 1985இல் மறைந்தார்; இவ்விளக்கத்தைக் காண அவர் இருந்திலர். அவர் பணிபுரிந்த நிலையத்தை 1955இல் இந்திய அரசாங்கம் ஏற்றுப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. கிருமியைக் கொல்லுதல் மருத்துவத்தின் பாதியே. கையையும் காலையும் காத்து, மனிதனை மனிதரிடையே மீண்டும் நிறுத்துதலே மறுபாதி. அம்மறுபாதியை மறவாது உழைத்த காக்கிரேனின் நினைவு, மருத்துவம் பயில்வார்க்கேயன்றித் தொண்டை விழையும் யாவர்க்கும் வழிகாட்டுவதாகும்.