'புதுமைப் பெண்' திட்டத்தின் பெயரில் இருக்கும் மூவலூர் ராமாமிர்தம் யார்?

அரசுப் பள்ளியில் படித்து காலேஜ் சேர்ந்த பெண்களின் பேங்க் அக்கவுன்ட்டில் மாதாமாதம் 1,000 ரூபாய் விழுகிறதே, அந்தத் திட்டத்தை எல்லோரும் 'புதுமைப் பெண்' என்கிறோம். அதன் முழுப் பெயர் 'மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்'. பெயரைப் பார்த்திருப்போம். ஆனால், யார் இவர்?

பத்து ரூபாயும் பழைய புடவையும்

1883-ல் திருவாரூரில் பிறந்தவர் ராமாமிர்தம். வளர்ந்தது மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில். இரண்டுமே அன்றைய தஞ்சாவூர் மாவட்ட ஊர்கள். குடும்பம் கடனிலும் வறுமையிலும் தவித்தது. பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் குழந்தை ராமாமிர்தம் ஒரு தாசி வீட்டுக்குக் கொடுக்கப்பட்டார்.

அங்கே பாட்டும் நடனமும் கற்றார். வயதான ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தபோது மறுத்துவிட்டார். தனக்கு இசை சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்வது சாதாரண விஷயம் இல்லை.

பொட்டுக் கட்டுதல் என்றால் என்ன?

சின்ன வயதிலேயே ஒரு பெண்ணுக்குக் கடவுள் பெயரில் தாலி கட்டி கோயிலுக்கு நேர்ந்துவிடுவதுதான் பொட்டுக் கட்டுதல். கோயில் சேவைக்காக அவர்களுக்கு மானிய நிலம் உண்டு. பிறகு மற்றவர்களைப் போல திருமணம் கிடையாது. நெல் விளையும் டெல்டாவில் பெரிய கோயில்களும் இருந்தன, பெரிய மிராசுதார்களும் இருந்தார்கள். இந்தப் பெண்களை 'வைத்துக்கொள்வது' பணக்கார வீட்டு ஆண்களுக்கு ஒரு கௌரவமாகவே இருந்தது.

பிரசாரத்தில் இறங்கியவர்

இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேச ஆரம்பித்தார் ராமாமிர்தம். அந்த வீடுகளுக்கே நேரில் போய் பெண்களிடம் பேசினார். எதிர்ப்பும் அங்கிருந்தேதான் வந்தது. முதலில் காங்கிரஸில் இருந்தார். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் கொடிக்குத் தடை வந்தபோது, கொடிகளையே புடவையாகச் சுற்றிக்கொண்டு போனார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் சம்பவம்.

1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு விலகியபோது இவரும் விலகி, சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே சென்ற படையில் இவரும் ஒருவர். அப்போது வயது 55. அதே ஆண்டு சிறைக்கும் போனார். 1949-ல் பெரியார் - மணியம்மை திருமணத்தில் உடன்பாடில்லாமல் பிரிந்து திமுகவுக்கு வந்தார்.

அந்த நாவல்

1936-ல் அவர் எழுதிய நாவல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. பணக்கார வீட்டு வாரிசுகளை அப்போது 'மைனர்' என்பார்கள். இன்றைக்கும் 'மைனர் செயின்' என்கிறோமே, அதே மைனர்தான்! நடந்ததைப் பார்த்தவரே எழுதியதால், அந்த வீடுகளுக்குள் பணம் எப்படி வந்தது, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2003-ல் இது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பெண்ணியல் ஆய்வாளர்கள் இன்றும் இதை எடுத்து விவாதிக்கிறார்கள்.

அப்படி என்ன விவாதம்?

பொட்டுக் கட்டுவதற்கு எதிராக சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வெளியே மக்களிடம் பேசியவர் ராமாமிர்தம். எதிர்ப்பக்கம் நின்றவரும் ஒரு பெண்தான்: திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள். கலை, சொத்துரிமை, மரியாதை எல்லாம் சேர்ந்து போய்விடும் என்பது அவர் தரப்பின் கவலை.

கடைசியில் 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. சிறுமிகளை நேர்ந்துவிடுவது குற்றம் ஆனது. அதே நேரம் நடனம் மேடை மாறி வேறு வீடுகளுக்குப் போய்விட்டது. அதைக் காப்பாற்றிவந்த பெண்கள் பலர் கலையை விட்டு ஒதுங்கினார்கள். நாவலின் தலைப்பே தாசிகளை வலை விரிப்பவர்களாகக் காட்டுகிறதே, அது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. ஒரு சீர்திருத்தத்தால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்று இரண்டு பக்கமும் கணக்குப் பார்ப்பதுதான் பெண்ணியல் படிப்பின் வேலை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. டெல்டா மாணவிகளுக்குப் பக்கத்து ஊர்தான்.

கல்யாணத்திலிருந்து காலேஜுக்கு

ராமாமிர்தம் 1962-ல் காலமானார். 1989-ல் கலைஞர் அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. குறைந்தபட்சப் படிப்பு இருந்தால்தான் உதவி என்பதால், பெண்ணை ஸ்கூலை விட்டு நிறுத்தாமல் இருக்க அது பல வீடுகளில் காரணமானது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் உயர்கல்வி உதவியாக மாறியது. முன்பு கல்யாணம் நடந்தால் பணம், இப்போது காலேஜ் போனால் பணம்.

தாங்களாகவே முடிவெடுக்கும் வயது வருவதற்கு முன்பே பெண்களின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது என்று போராடியவர் அவர். 'அடுத்து கல்யாணம்தானே?' என்று பிளஸ் டூ ரிசல்ட் அன்றே கேட்கும் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் அக்கவுன்ட்டுக்கு மாதாமாதம் வரும் 1,000 ரூபாய், அவர் பெயரில்தான் வருகிறது.