சட்டம் காத்த சான்றோர் அல்லாடி

நம் பெருங்குடிக்கு அணித்தாக, தரமணியில், கணித அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. 1962ஆம் ஆண்டு அதனைத் தோற்றுவித்தவர் இயற்பியல் அறிஞர் அல்லாடி இராமகிருஷ்ணன். நிறுவனம் பிறக்குமுன் அவர் கூட்டிய ஆய்வரங்குகள் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் ஏகாம்ர நிவாஸ் என்னும் குடும்ப இல்லத்தில் நிகழ்ந்தன. நாம் இங்கு நினைக்கப் புகுவது, அவ்வில்லத்தில் முன்னர் வாழ்ந்த அவருடைய தந்தையார் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரை.

1883ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நெல்லூர் மாவட்டத்துப் புதூரில், கோயில் அர்ச்சகரின் மகனாகப் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்று, சட்டம் கற்று, உயர்நீதிமன்றத்தின் முன்னணி வழக்கறிஞரானார். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். 1932இல் சர் பட்டம் பெற்றார். அல்லாடுதல் என்றால் தமிழில் அலைக்கழிதல் என்று பொருள். தெலுங்குக் குடும்பப் பெயராக அது வாய்த்த இவரோ சட்டத்தில் எள்ளளவும் அல்லாடாதவர். கவிஞர்கள் இச்சிலேடையைப் பொறுத்தருள்க.

விடுதலைப் போரில் சிறை சென்றவர் அல்லர். ஆயினும் அரசியல் நிர்ணய சபை கூடியபோது அவர் அறிவு நாட்டுக்குத் தேவைப்பட்டது. 1947 ஆகஸ்ட் 29இல் அமைந்த எழுவர் வரைவுக் குழுவில் அவரும் ஒருவர். தம்மினும் பெரியவர், தகுதி மிக்கவர் என்று குழுத் தலைவர் அம்பேத்கரே 1949 நவம்பரில் சபையறிய அவரைப் பாராட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேர் என்றிருந்த நாட்டில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளிப்பதைச் சாமானிய மனிதன் மீது வைத்த நம்பிக்கையாகக் கண்டு அவர் வரவேற்றார்.

அவர் நிலைப்பாடுகள் யாவும் காலத்தை வென்றன என்று சொல்லி அஞ்சலி செய்தல் முறையன்று. தனிமனித உரிமையைப் பறிக்கும் சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய இடந்தரும் அமெரிக்கச் சொற்றொடரை நம் சாசனத்தில் சேர்க்க அவர் உடன்படவில்லை. குடிவாரச் சீர்திருத்தம் போன்றவற்றை நீதிபதிகள் அதனைக் கொண்டு வீழ்த்திவிடுவர் என்பது அவர் அச்சம். அச்சத்தில் நியாயம் இருந்தது, விலையும் இருந்தது. விசாரணையின்றிச் சென்னை மாகாணத்தில் சிறை வைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950இல் உச்சநீதிமன்றம் உரிமையின் எல்லையைக் குறுக்கியே பொருள் கொண்டது. அப்பொருள் மாற 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது.

அவருடைய நேர்மை முழுதும் வெளிப்பட்டது 1951இல். குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத், இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை விரும்பாதவர். நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றினாலும் தம் சொந்த முடிவின்படி நடக்கலாம் என அவ்வாண்டு செப்டம்பரில் பிரதமர் நேருவுக்கு எழுதினார். சாசனத்தின் 74ஆம் பிரிவோ, தலைவருக்கு உதவவும் அறிவுரை வழங்கவும் அமைச்சரவை இருக்கும் என்ற அளவில் நின்றது. அவ்வறிவுரைக்கு அவர் கட்டுப்பட வேண்டும் என்ற சொல் அதில் இல்லை. ஒரு சொல் இல்லாத இடத்தில் எவ்வளவு பொருள் அடங்கும் என்பது நம் வட்டத்தார்க்குப் புதிதன்று. நேரு, அட்டர்னி ஜெனரல் சீதல்வாட்டிடமும் அல்லாடியிடமும் கருத்துக் கேட்டார்.

பிரசாத் யார்? அரசியல் நிர்ணய சபைக்கே தலைமை தாங்கியவர். மூன்றாண்டுகள் அல்லாடி எதிரே அமர்ந்து உரையாற்றிய பெரியவர். அவர் மனங்கோணாமல் இருபொருள்பட எழுதித் தப்பியிருக்கலாம். அதற்கு வேண்டிய சட்டப் புலமைக்கும் குறைவில்லை. அல்லாடி அவ்வாறு செய்யவில்லை. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவரே என்றும், மாறாகப் பொருள் கொண்டால் சாசனம் நிறைவேறிய வேளையில் மனத்திற்கொண்ட அமைப்பு முழுதும் குலையும் என்றும் தெளிவாக எழுதினார். சீதல்வாட் சொன்னதும் அதுவே. பிரிட்டிஷ் மன்னர் அமைச்சர் சொற்படி நடக்கும் மரபு இங்கும் வேரூன்றும் என்று, 1949இல் சபையை நிறைவு செய்கையில் பிரசாத்தே நம்பிக்கை தெரிவித்திருந்தார். அவரும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

1953 அக்டோபர் 3ஆம் நாள் அல்லாடி மறைந்தார். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அதே பொருளை உறுதி செய்தது. கட்டுப்பட்டே நடக்கவேண்டும் என்ற சொல் 74ஆம் பிரிவில் ஏறியது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்து 42ஆம் திருத்தத்தின் வழியே. அதற்குமுன் 26 ஆண்டுகள் அவ்விடம் எழுத்தின்றியே இருந்தது.