மருத்துவரை மறந்து நாயுடன் விளையாடிய சிறுவன்: போரிஸ் லெவின்சனின் கதை

பயிற்சி பெற்ற நாய் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணிவெடி தேடிய நாய்கள்தான். யுத்தம் முடிந்த பின் வன்னிக் காணிகளில் மண்டையோட்டுப் பலகைகளுக்கு அப்பால் அவை நிலத்தை மோந்து திரிந்தன. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி எழுதுவதற்காக வாசித்துக்கொண்டிருந்தபோது, நாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு என்று காட்டிய ஒருவரின் வாழ்க்கையை நான் அறிந்துகொண்டேன். அவர் பெயர் போரிஸ் லெவின்சன்.

லித்துவேனியாவின் கல்வாரியா நகரில் 1907இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1923இல், பதின்ம வயதில், அமெரிக்கா சென்றார். அங்கேயே படித்து 1947இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் யெசீவா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானார். அவர் விட்டு வந்த நாட்டின் யூதர்களில் மிகப் பெரும்பாலானோர் 1941இல் தொடங்கிய நாசிப் படுகொலையில் அழிக்கப்பட்டார்கள். புறப்பட்டுப் போனவர் தப்ப, ஊர் தப்பாமல் போன கதை எங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஓட்டிசத்தை லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல்தான் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். அதன் பின் வந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தாய்மாருக்குக் கொடுமையான காலம். தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஒடுங்கிவிட்டது என்று படித்த மருத்துவர்களே சொன்னார்கள். லெவின்சன் சிறுவர்களுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான்.

1953ஆம் ஆண்டளவில் ஒருநாள், ஒரு தாய் தன் மகனுடன் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அவரிடம் வந்துவிட்டார். எவருடனும் ஒட்டாமல் தனக்குள் ஒடுங்கிப்போயிருந்த பிள்ளை. நீண்டகாலச் சிகிச்சை பலன் தராததால், வைத்தியசாலையில் சேர்க்கும்படி ஏற்கெனவே ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. லெவின்சன் எழுதிக்கொண்டிருந்தார். அவரது நாய் ஜிங்கிள்ஸ் காலடியில் படுத்திருந்தது. வேறு நாட்களில் சிகிச்சை நேரத்தில் அது அங்கே இருப்பதில்லை. சிறுவனைக் கண்டதும் ஓடிப்போய் அவனை நக்கியது. அவன் பயப்படவில்லை. நாயை அணைத்துத் தடவத் தொடங்கினான். தாய் பதறிப் பிரிக்க முயன்றபோது, விட்டுவிடும்படி லெவின்சன் சைகை காட்டினார்.

போகும் நேரத்தில், தான் திரும்பவும் வந்து நாயுடன் விளையாட விரும்புவதாகச் சிறுவன் சொன்னான். அடுத்த சில சந்திப்புகளில் அவன் மருத்துவரைக் கவனிக்கவே இல்லை. நாயுடன் மட்டும் விளையாடினான். மெல்ல மெல்ல அந்த விளையாட்டில் அவரையும் சேர்த்துக்கொண்டான். அதன் பின்னரே சிகிச்சையைத் தொடங்க முடிந்தது.

1961இல் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் லெவின்சன் இதை விவரித்தபோது, சிலர் கேலி செய்தார்கள். கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர் விட்டுவிடவில்லை. 1962இல் கட்டுரையாகவும் 1969இல் நூலாகவும் எழுதினார். பேசாத பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் பிராணிகளின் துணை உதவக்கூடும் என்பது அவர் கருத்து. சிக்மண்ட் பிராய்டும் தனது நாயைச் சிகிச்சை அறையில் வைத்திருந்தார் என்பது பரவலாகத் தெரியவந்தபோது, சிரிப்பும் அடங்கத் தொடங்கியது.

லெவின்சன் 1984இல் இறந்தார். 1990களின் பிற்பகுதியில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே நாய்களைப் பயிற்றத் தொடங்கினார்கள். பிள்ளையின் இடுப்புப் பட்டி நாயின் அங்கியுடன் இணைக்கப்பட்டிருக்கும். நாயின் கயிறு பெற்றோரின் கையில் இருக்கும். பிள்ளை திடீரென வீதிக்கு ஓட முயன்றால் நாய் அசையாமல் நின்றுவிடும். பிள்ளை பதற்றத்தில் அலறும்போது மடியில் சாய்ந்து தன் பாரத்தால் அமைதிப்படுத்தும். பிள்ளை ஓடிவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த குடும்பங்கள் கடைக்கும் பூங்காவுக்கும் போகத் தொடங்கின. கனடாவில் 42 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நாய் வீட்டில் இருந்த நாட்களில், பிள்ளை விழித்தெழும்போது ஏற்படும் மன அழுத்த ஹோர்மோனின் உயர்வு வெகுவாகக் குறைந்திருந்தது. நாயைத் திரும்ப எடுத்தபின் மறுபடியும் கூடியது.

நாய் ஓட்டிசத்தை மாற்றும் மருந்தாகாது. நாயைக் கண்டாலோ குரைப்பைக் கேட்டாலோ நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. எங்கள் முற்றத்து நாயைப் பிடித்துக் கட்டிவிட்டால் அது சேவை நாய் ஆகிவிடாது. நீண்டகாலப் பயிற்சியும் பெரும் செலவும் தேவைப்படும் அத்தகைய நாய், எங்கள் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

ஆனால் அன்று அந்த அறையில் நடந்ததில், செலவில்லாமல் எங்களால் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜிங்கிள்ஸ் அந்தச் சிறுவனிடம் பெயர் கேட்கவில்லை, முகத்தைப் பார் என்று சொல்லவில்லை, ஏன் பேசவில்லை என்று அதட்டவில்லை. எங்கள் ஊர்களில் இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய், விதி என்றும் வளர்ப்பு என்றும் எத்தனையோ பேச்சுக் கேட்டிருப்பாள். அவள் வீட்டுக்குப் போகிறவர்கள் கேள்விகளைப் படலையிலேயே விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் சும்மா கொஞ்சநேரம் இருந்துவிட்டு வரலாம்.

நாயைப் பிரிக்காதீர்கள் என்று லெவின்சன் காட்டிய அந்தச் சைகைதான், அன்று அவர் செய்த பெரிய வைத்தியம் என்று நான் நினைக்கிறேன்.