அவையின் தனித்தன்மை காத்த வித்தல்பாய் படேல்

நாடாளுமன்றச் சீர்திருத்தம் என்றவுடன் கூட்ட நாள்களைப் பற்றியும் அமளியைப் பற்றியுமே பேசப்படுகிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி வேறு. கணக்குக் கேட்பவர், கணக்குக் காட்டுபவரின் தயவில் இருக்கலாமா? கூடாது என்பதைச் செயலில் காட்டியவர் வித்தல்பாய் படேல்.

1873-ஆம் ஆண்டு குஜராத்தில் பிறந்த அவர், சர்தார் வல்லபபாய் படேலின் அண்ணன். இங்கிலாந்தில் சட்டம் பயிலத் தம்பிக்குக் கிடைத்த பயண வாய்ப்பை, இருவருக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றே என்பதால், மூத்தவர் என்ற உரிமையில் கேட்டுப் பெற்றுச் சென்றார். வழக்குரைஞராகப் பெயரெடுத்து, சுயராஜ்யக் கட்சியின் சார்பில் 1923-இல் மத்திய சட்டப்பேரவையில் நுழைந்தார்.

1925 ஆகஸ்டில் அப்பேரவையின் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. சென்னை வழக்குரைஞர் டி. ரங்காச்சாரியாரை 56-க்கு 58 என்ற வாக்குகளில் வென்று, வித்தல்பாய் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்ததும் கட்சி உறவைத் துறந்தார். 1927-இல் அவரை அனைவரும் ஒருமனதாக மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

அன்று பேரவையின் அலுவலர்கள் அரசின் சட்டத்துறையைச் சேர்ந்தவர்கள். ஆளும் தரப்பைக் கேள்வி கேட்கும் அவைக்கு, அத்தரப்பின் ஊழியர்களே நடைமுறை ஆலோசனை வழங்கினர். இந்த முரணைக் களைய வித்தல்பாய் விடாது முயன்றார். அவைக்குத் தனித்துறை கோரி 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1929 ஜனவரி 10-இல் அத்துறை பிறந்தது. இன்று ஒவ்வோர் அவைக்கும் தனிச் செயலகம் உண்டு என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 98-ஆவது பிரிவுக்கு இதுவே முன்னோடி.

பொதுப் பாதுகாப்பு மசோதாவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தபோது, தமது வாக்கை மசோதாவுக்கு எதிராக அளித்து அதை வீழ்த்தினார். அரசு மீண்டும் கொண்டுவந்தபோது, மீரட் சதி வழக்கு நிலுவையில் இருப்பதைச் சுட்டி, 1929 ஏப்ரலில் விவாதத்துக்கே இடமில்லை எனத் தீர்ப்பளித்தார். வைஸ்ராய் இர்வின் அவசரச் சட்டத்தை நாட நேர்ந்தது.

1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது பதவி விலகிச் சிறை சென்றார். உடல்நலம் குன்றி ஐரோப்பா சென்றவர், 1933 அக்டோபர் 22-இல் ஜெனீவா அருகே காலமானார்.

அந்நிய ஆட்சியில் அவர் ஈட்டித் தந்ததை நாம் பேணுகிறோமா? மக்களவைக்குத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93-ஆவது பிரிவு. 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவையோ, துணைத் தலைவர் இல்லாமலேயே தன் காலத்தை முடித்தது. அவைத் தலைவராகத் தேர்வானவர் கட்சியிலிருந்து விலகும் மரபும் இங்கே வேரூன்றவில்லை.

நான் வாழும் கொல்லிமலையின் பழங்குடி மக்களுக்கு தில்லி அமைச்சகங்களில் செல்வாக்கு கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலிருந்து அவர்களது குறை அங்கே சென்றடைய, நாமக்கல் தொகுதி உறுப்பினர் எழுப்பும் கேள்வியே வழி. அக்கேள்வியை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்பவர் அவைத் தலைவர். அவர் எத்தரப்பையும் சாராதவராக இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். சீர்திருத்தத்தை அந்த நாற்காலியிலிருந்து தொடங்குவோம்.