சர்க்கரை நோயாளிகளின் டாக்டர்

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குக் காடும் நிலக்கடலைக் காடும் ஏராளம். அங்கே வேலை செய்கிறவர்களில் செருப்பு இல்லாமல் நடப்பவர்கள் பலர். காலில் முள் தைப்பது சகஜம்.

நல்ல உடம்புக்காரருக்கு அந்தப் புண் நாலு நாளில் ஆறிவிடும். சர்க்கரை நோயாளிக்கு அப்படி அல்ல. நோய் முற்றினால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் தைத்ததே தெரியாது. புண் புரையோடும். கடைசியில் காலையே எடுக்க நேரிடும்.

அந்தக் காலைக் காப்பாற்ற முடியாதா?

முடியும். முறையான வைத்தியம் வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டில் வழி திறந்தவர் டாக்டர் எம். விசுவநாதன்.

இன்சுலின் வந்தது

1921-ம் ஆண்டு, கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங் என்ற டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு, சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்சுலின் வந்த பிறகு உயிர் பிழைத்தார்கள்.

ஆனால் புதிய தொல்லை தொடங்கியது. பல ஆண்டுகள் வாழ்ந்த நோயாளிகளுக்குக் கண் மங்கியது. சிறுநீரகம் கெட்டது. காலில் புண் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததுதான் காரணம். மருந்து மட்டும் போதாது, தொடர்ந்த கவனிப்பும் வேண்டும் என்பது தெரிந்தது.

தனிப் பிரிவு

1948-ம் ஆண்டு, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு ஒன்றை டாக்டர் விசுவநாதன் தொடங்கினார். இந்தியாவில் இப்படி ஒரு பிரிவு ஏற்பட்டது அதுவே முதல் தடவை என்பார்கள்.

தனிப் பிரிவு இருந்தால் என்ன லாபம்? நோயாளி திரும்பத் திரும்ப அங்கேயே வருவார். போன தடவை சர்க்கரை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லித் தரலாம். கெடுதல் முற்றும் முன்பே கண்டுபிடிக்கலாம்.

1954-ல் சென்னை ராயபுரத்தில் அவர் சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். முதலில் எல்லா நோய்களுக்கும் அங்கே சிகிச்சை நடந்தது. 1971-ல் அது சர்க்கரை நோய்க்கு மட்டுமான ஆஸ்பத்திரியாக மாறியது.

சோற்றுப் பிரச்சினை

சோறு சாப்பிட்டுப் பழகியவரைச் சோறே கூடாது என்றால் அவர் எத்தனை நாளைக்குக் கேட்பார்? தானியம், பருப்பு, கீரை, காய்கறி என்று நார்ச்சத்து நிறைந்த உணவை அளவாகக் கொடுத்து அவர் ஆராய்ந்தார். நம் ஊர்ச் சாப்பாட்டோடும் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்.

1993-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 1,441 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினரை டாக்டர்களும் நர்சுகளும் மாதந்தோறும் பார்த்து, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தார்கள். அவர்களுக்குக் கண் நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. தொடர்ந்த கவனிப்பின் பலன் ஐயமின்றித் தெரிந்தது.

1996-ல் டாக்டர் விசுவநாதன் காலமானார். இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவத்தின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

கால் தப்பியது

அவர் கட்டிய ராயபுரம் ஆஸ்பத்திரியில் கால் பராமரிப்பைப் பற்றி நடந்த ஓர் ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. காலுக்கு ஆபத்து அதிகம் உள்ள நோயாளிகளுக்கு, காலைப் பேணும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னபடி நடந்தவர்களில் 100-க்கு 82 பேருக்குப் புண் ஆறியது. நடக்காதவர்களில் 100-க்கு 50 பேருக்குத்தான் ஆறியது. ஆபரேஷன் தேவைப்பட்டது, முதல் கூட்டத்தில் 100-க்கு 3 பேருக்கு. மற்றக் கூட்டத்தில் 14 பேருக்கு!

இரு கூட்டத்தாருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றுதான். சொன்னதைக் கேட்டதில்தான் வித்தியாசம்.

டாக்டர்கள் இன்று வகுத்திருக்கும் முறையும் எளிதானதே. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை, டாக்டர் சொல்லும் கெடுவில் செய்துகொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணையும் சிறுநீரையும் காலையும் சோதிக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லையா? பேரன் பார்த்துச் சொல்லட்டும். அந்த ஒரு நிமிஷம் ஒரு காலைக் காப்பாற்றலாம்.