கருவூலத்தின் சாவி: ஆர். கே. சண்முகம் செட்டியார்

ஒரு வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், பெட்டிச் சாவி யாருடைய முந்தானையில் முடிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். நாட்டுக்கும் அப்படியே. மாளிகையில் வாழ்பவர் யார், படை சூழ வருபவர் யார் என்பதைக் கொண்டு ஆட்சி யாருடையது என்று முடிவு கட்டிவிட முடியாது. வரி விதிக்கவும், அந்த வரிப்பணத்தைச் செலவிடவும் இசைவு தரும் உரிமை யாரிடம் உள்ளதோ அவர்களே உண்மையில் நாட்டை ஆள்பவர்கள். இசைவு தரும் உரிமை என்னும்போது, மறுக்கும் உரிமையும் அதனுள் அடக்கம் அன்றோ?

பொருளாதாரம் பயிலும் எனக்கு இந்த உண்மையைப் பாட நூல்களைக் காட்டிலும் தெளிவாக விளக்கியது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர்தாம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோவை தந்த அறிஞர் ஆர். கே. சண்முகம் செட்டியார். சாவி இல்லாத சபையில் அமர்ந்து போராடியவர் அவர். பின்னர், சாவியைக் கையில் பெற்ற சபையின் முன் கணக்கு ஒப்புவித்தவரும் அவரே. இவ்விரு நிலைகளையும் ஒரே வாழ்நாளில் கண்டவர் என்பதே அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது.

இளமை

சண்முகம் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோயம்புத்தூரில் கந்தசாமி செட்டியாரின் மகனாகப் பிறந்தார். வணிகத்தில் செழித்த குடும்பம் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டமும் கற்றார். வழக்குமன்றத்தைவிடப் பொதுவாழ்வே அவரை ஈர்த்தது. கோவை நகராட்சியில் தொடங்கிய தொண்டு, 1920இல் அவரைச் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டு சென்றது. 1924இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் டில்லியிலிருந்த மத்திய சட்டசபையில் இடம்பெற்றார். அக்கட்சியின் தலைமைக் கொறடாவாகவும் விளங்கினார்.

சாவி இல்லாத சபை

அந்தச் சபையின் நிலையை இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் கோபால கிருஷ்ண கோகலே போன்ற பெருமக்கள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்மீது அரிய உரைகளை ஆற்றினர். ஆனால் அவர்களுக்குப் பேசத்தான் உரிமை இருந்தது; திட்டத்தை வாக்களித்துத் தள்ளும் உரிமை இல்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி முன்னேறியது. செலவின் ஒரு பகுதி சபையின் வாக்குக்கு வந்தது. எனினும் இராணுவச் செலவு, கடன் வட்டி, உயர் அதிகாரிகளின் சம்பளம் முதலிய பெரும் இனங்கள் வாக்குக்கு அப்பாற்பட்டவையாகவே வைக்கப்பட்டன.

வாக்குக்கு வந்த இனங்களிலாவது சபையின் சொல் நிலைத்ததா? அதுவும் இல்லை. சபை மறுத்த மானியத்தை அரசு மீட்டுக்கொள்ளலாம். சபை தள்ளிய மசோதாவை வைசிராய் தம் சான்றினால் சட்டமாக்கலாம். 1923இல் உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக, அதாவது இருமடங்காக, உயர்த்த அரசு முனைந்தது. ஏழையின் கஞ்சிக்கு இடும் உப்பின்மீது இத்தனை வரியா என்று சபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு சான்றளித்தார், வரி வந்துவிட்டது. மறு ஆண்டு மார்ச்சில் மோதிலால் நேருவின் தலைமையில் சுயராஜ்யக் கட்சியினர் மானியக் கோரிக்கைகள் சிலவற்றை வீழ்த்தினர். நிதி மசோதாவையும் தள்ளினர். மீண்டும் அதே சான்று, அதே முடிவு.

பயனில்லை என்று தெரிந்தும் அவர்கள் ஏன் விடாமல் வாக்களித்தார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. மக்களின் இசைவின்றி வரி பிரிக்கப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் உலகறியச் செய்வதே அவர்கள் நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய தோல்வி ஒவ்வொன்றும் ஆட்சியின்மீது எழுதப்பட்ட குற்றப் பத்திரிகை ஆயிற்று.

தலைவர் இருக்கையில்

சண்முகம் 1931இல் அச்சபையின் துணைத் தலைவராகவும், 1933இல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையே 1932இல் ஒட்டாவாவில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியாவின் பேராளர்களுள் ஒருவராகக் கலந்துகொண்டார். பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை தரும் அந்த ஒப்பந்தத்தை அவர் ஆதரித்ததைத் தேசியவாதிகள் பலர் கண்டித்தனர். 1934 தேர்தலில் அவர் தோற்றார். சபையின் தலைவராக இருந்தவரையே வாக்காளர் வீட்டுக்கு அனுப்பினர். அவரைப் போற்றுகிறவர்கள் இந்தத் தோல்வியை மறைக்க வேண்டுவதில்லை. பொதுவாழ்வில் இருப்பவர் மக்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

1935 முதல் 1941 வரை அவர் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார். அவர் காலத்தில், 1938இல், அரசுத் துறைகள் சில சட்டசபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. மன்னராட்சி நடந்த நிலத்தில் இது சிறு அடியே ஆயினும் புது அடி. 1944இல் உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் வித்திட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

1947 நவம்பர் 26

விடுதலை வந்தது. சண்முகம் காங்கிரஸ்காரர் அல்லர். இருந்தும் ஜவாஹர்லால் நேருவின் முதல் அமைச்சரவையில் நிதிப் பொறுப்பு அவரை நாடி வந்தது. 1947 நவம்பர் 26ஆம் நாள், சட்டமியற்றும் மன்றமாக அமர்ந்த அரசியல் நிர்ணய சபையில் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவர் சமர்ப்பித்தார்.

1947 ஆகஸ்டு 15 முதல் 1948 மார்ச் 31 வரையிலான ஏழரை மாதங்களுக்கான கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய்; பற்றாக்குறை 26.24 கோடி ரூபாய். செலவில் ஏறக்குறையப் பாதி, அதாவது 92.74 கோடி, பாதுகாப்புக்கே போயிற்று. பிரிவினையின் குருதி காயாத நாட்கள் அவை. அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர், காஷ்மீரில் போர், நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு.

இந்த நிலையில் அவர் புதிய வரிச்சுமை எதையும் ஏழைகளின் தலையில் ஏற்றவில்லை. ஏற்றுமதியாகும் பருத்தித் துணி, நூல் ஆகியவற்றின் தீர்வையை மட்டும் உயர்த்தினார். அதனால் பற்றாக்குறை 24.59 கோடியாகக் குறையும் என்பது மதிப்பீடு. நூலாலைகளின் நகரமாகிய கோவையின் மைந்தர், தம் முதல் வரியை நூலின்மீதும் துணியின்மீதுமே போட்டார் என்பது நம் கருத்தில் நிற்க வேண்டிய செய்தி.

தொகை சிறிதாயினும் அன்று நிகழ்ந்த மாற்றம் பெரிது. சபை மறுத்தால் சான்றளித்துக் காப்பாற்ற இனி எந்த வைசிராயும் இல்லை. இராணுவச் செலவும் சபையின் வாக்குக்கு வந்துவிட்டது. முன்பு எதிர்வரிசையில் அமர்ந்து சாவியைக் கேட்டவர், இன்று சாவியை வைத்திருக்கும் சபையிடம் பணம் கேட்டு நின்றார்.

பதவி விலகல்

1948 பிப்ரவரி இறுதியில் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தையும் சண்முகமே சமர்ப்பித்தார். ஆனால் அவ்வாண்டு முடியும் வரை அவர் பதவியில் இல்லை. உலகப் போர்க் காலத்தில் பெரும் இலாபம் ஈட்டி வருமான வரியை ஏய்த்தவர்களைக் கண்டறிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு அனுப்பப்பட்ட வழக்குகளுள் சில திரும்பப் பெறப்பட்டன. சபையில் வினாக்கள் எழுந்தன. பொறுப்பு அமைச்சருடையது ஆயிற்று. 1948 ஆகஸ்டில் சண்முகம் பதவி விலகினார்.

அவர்பால் பிழையே இல்லை என்று வாதாட நான் முன்வரவில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் விரும்பவில்லை. எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. 1923இல் இருமடங்கான உப்பு வரியைப் பற்றிச் சபை கேட்ட கேள்விக்காக ஒரு வெள்ளை அதிகாரியின் நாற்காலிகூட அசையவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு சில வழக்குகளைப் பற்றிச் சபை எழுப்பிய வினாக்கள் நாட்டின் நிதியமைச்சரையே பதவியிலிருந்து இறங்கச் செய்தன. சண்முகத்தின் வீழ்ச்சி, அவர் இளமையில் எந்த உரிமைக்காகப் போராடினாரோ அந்த உரிமை உயிர் பெற்றுவிட்டது என்பதற்குச் சான்றாகவும் அமைந்தது.

பதவி போனபின் அவர் சோர்ந்திருக்கவில்லை. தமிழிசை இயக்கத்துக்குத் துணைநின்றவர் அவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர். கணக்கேட்டையும் காப்பியத்தையும் ஒருங்கே கற்ற அப்பெருமகனார் 1953 மே 5ஆம் நாள் மறைந்தார்.

நம் கையில் உள்ள சாவி

அவர் பதவி விலகியபின் வந்த அரசியல் சட்டம் இந்த உரிமையை விதிகளாக வகுத்துத் தந்தது. நிதியமைச்சர் ஆண்டு நிதிநிலை அறிக்கையை வைக்கிறார். பொது விவாதம் நடக்கிறது. துறைவாரியான மானியக் கோரிக்கைகளை 1993 முதல் நிலைக்குழுக்கள் ஆராய்கின்றன. பின்னர் ஒவ்வொரு கோரிக்கையும் மக்களவையின் வாக்குக்கு வருகிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், கடன் வட்டி போன்ற சில இனங்களுக்கு மட்டும் விவாதம் உண்டு, வாக்கெடுப்பு இல்லை.

உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம். கொள்கையையே எதிர்ப்பவர் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். ஒரு குறையைச் சுட்ட விரும்புபவர் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார். வெட்டுத் தீர்மானம் நிறைவேறிவிட்டால் அரசின்மீது சபைக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். அதன்பின் பணத்தை எடுக்க ஒதுக்கீட்டு மசோதா. வரிகளுக்கு நிதி மசோதா. இவற்றை மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரைகளுடன் திருப்பலாம், தள்ள முடியாது. செலவு முடிந்தபின் தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதற்குத் தலைமை ஏற்பது மரபு.

ஆனால் குறித்த நாள் முடியும்போது, விவாதிக்கப்படாத கோரிக்கைகள் அனைத்தையும் சபாநாயகர் ஒரே மூச்சில் வாக்குக்கு விடுவார். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் அமளிக்கிடையே மானியக் கோரிக்கைகள் அனைத்துமே விவாதமின்றி இவ்வாறு நிறைவேறின. பல இலட்சம் கோடி ரூபாய், ஒரு கேள்விகூட இல்லாமல்!

அன்று உரிமை இல்லாதவர்கள் ஒவ்வோர் இனத்துக்கும் எழுந்து நின்று வாதாடினார்கள். இன்று உரிமை நிறைந்த சபை சில வேளைகளில் வாய் திறக்காமலே கலைகிறது. இதற்கு உறுப்பினரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தம் தொகுதி உறுப்பினர் எந்தக் கோரிக்கையின்மீது பேசினார், எதற்கு வாக்களித்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் எது விலை ஏறும், எது இறங்கும் என்பதோடு நம் ஆர்வம் நின்றுவிடுகிறது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் அரசு அலுவலர் ஆவோம். சிலர் ஆசிரியர் ஆவோம். ஓரிருவர் சட்டமன்றத்திற்கும் செல்லலாம். வரி செலுத்துபவர்களாகவோ எல்லோருமே இப்போதே இருக்கிறோம். கடையில் வாங்கும் பேனாவுக்கு வைத்த வரி நம் பையிலிருந்துதான் போகிறது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்பது நமக்குள்ள உரிமை. கேட்காமல் விட்ட உரிமை நாளடைவில் துருப்பிடித்த சாவியாகிவிடும். பூட்டைத் திறக்க உதவாது.