தயிருண்ட மேதை

விடுதிச் சாப்பாடு ஒன்றே. ஓடிய மைதானமும் ஒன்றே. ஆயினும் மூன்று மாதத்தில் என் அறைத் தோழன் இளைத்தான். என் எடையோ அசையவில்லை. நான் சோம்பேறி என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அந்த வருத்தத்தோடு நூலகத்தில் காரணம் தேடப் போனபோது எனக்கு அறிமுகமானவர் இலியா மெச்னிக்கோவ்.

அவர் 1845-ஆம் ஆண்டு, அந்நாளைய ருஷ்யப் பேரரசில், இன்று உக்ரைனில் உள்ள கார்க்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்த கெட்டிக்காரர். வாழ்க்கையோ அவரைப் பாடாய்ப் படுத்தியது. 1873-இல் முதல் மனைவி காசநோய்க்கு இரையானார். துயரம் தாளாமல் தாமும் உயிர்விட முயன்று பிழைத்தார்.

1882-இல் ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்குப் போனார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக் கொண்டிருந்தார். திடீரென ஓர் எண்ணம்! தோட்டத்து ரோஜா முள்ளை அதன் உடலில் செருகிவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் காலையில், ஊர்ந்து செல்லும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உள்ளே புகும் கிருமிகளை விழுங்கிக் காக்கும் செல்கள் நம் உடலிலும் உண்டு என்ற கொள்கை இப்படித்தான் பிறந்தது. அதற்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார்.

1888 முதல் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர், பிற்காலத்தில் மூப்பைப் பற்றி ஆராயலானார். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நஞ்சே நம்மைக் கிழவராக்குகிறது என்று நம்பினார். பெருங்குடலே நமக்கு வேண்டாத உறுப்பு என்றும் எண்ணினார். பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று முடிவு கட்டித் தாமும் நாள்தோறும் உண்டார். தயிர்ச்சோற்றில் வளர்ந்த நமக்குச் சிரிப்பு வரலாம். 1916-இல், 71-ஆம் வயதில், இருதய நோயால் மறைந்தார்.

முள்ளைச் செருகி, கண்ணால் கண்ட பிறகே பேசியவர், குடல் விஷயத்தில் மட்டும் ஏன் அவசரப்பட்டாரோ! அவர் பகையென்று கண்ட கூட்டத்தில் உறவும் உண்டு. 2022-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் எலிகளின் குடல் பாக்டீரியாக்களை மருந்தால் அழித்தபோது, அவற்றுக்கு ஓடும் ஆர்வமே குன்றியது. சில பாக்டீரியாக்கள் ஆக்கும் பொருள்கள் குடல் நரம்புகளைத் தூண்டி, ஓடும்போது மூளையில் டோபமைனைப் பெருக்குகின்றனவாம். மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கொண்ட நரம்புகளே அங்கும் வேலை செய்கின்றன! 2018-இல் வெளியான இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வில் 32 பேர் ஆறு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ப்யூட்டிரேட் என்னும் அமிலப் பொருளைத் தரும் பாக்டீரியாக்கள் மெலிந்தவர்களிடம் பெருகின; பருத்தவர்களிடம் அவ்வளவாகப் பெருகவில்லை. பயிற்சியை விட்டதும் அந்த மாற்றம் பெரும்பாலும் மறைந்தது.

இதையெல்லாம் படித்ததும், பழியைப் பாக்டீரியாக்களின் மேல் போட்டுவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் என் குடலை யாரும் சோதிக்கவில்லை. இரவில் நான் தின்னும் பிஸ்கோத்துகளுக்கும் கணக்கில்லை. இரண்டையும் தோழனிடம் சொன்னேன். நாளை முதல் பிஸ்கோத்து டப்பா அவன் அலமாரியில் இருக்கும்.